முட்டியும் தாங்கியும்

யாழ்ப்பாணத்தில் அருகருகே நிற்கும் இரு பனைகளில் இரண்டு முட்டிகள் தொங்குகின்றன. ஒன்றின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவப்பட்டுள்ளது, மற்றையதில் இல்லை. இரவு முழுவதும் இரண்டிலும் வடிந்தது ஒரே இனிப்பு நீர்தான். விடியலிற் சீவல் தொழிலாளி இறக்கும்போது முதலாவதிற் கருப்பநீர் தெளிந்திருக்கும். மற்றையதிற் கள்ளு நுரைத்து நிற்கும். கருப்பநீர் அடுப்பேறிப் பனங்கட்டியாகும். கள்ளுக்கு அடுப்பும் வேண்டியதில்லை.

மதுசாரம் ஆக்குவதற்கு எவ்வெல்லம் சிறந்தது என வினவுவோர் பெரும்பாலும் இரசாயனத்திடமே விடை தேடுவர். இரசாயனமோ பாரபட்சம் அறியாதது. 180 கிராம் குளுக்கோசை மதுவம் நொதிக்கச் செய்யுமாயின், கொள்கையளவில் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் தோன்றும். அது பனை தந்ததா, கரும்பு தந்ததா என்று மதுவம் கேட்பதில்லை. மரவள்ளி மா மட்டும் அதற்கு நேரே உணவாகாது. நொதியங்கள் முதலில் அதனை வெல்லமாக உடைத்துக் கொடுத்தல் வேண்டும்.

வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. கருப்பநீரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கே வெல்லம். கரும்பாலையிற் சீனி பிரித்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலோ ஏறத்தாழப் பாதி வெல்லம். ஒரு தொன் பாகிலிருந்து 250 இலீற்றர் அளவில் எதனோல் பெறலாம். அவ்வளவையும் கள்ளிலிருந்து வடிப்பதாயின் 4000 இலீற்றருக்கு மேற்பட்ட கள்ளு வேண்டும். அத்தனையும் மரம் மரமாக ஏறிக் கையாற் சீவி இறக்கப்பட்டதாகும். பாகு தாங்கியில் மாதக்கணக்கிற் கிடக்கும்; அதன் செறிவே நீர் சேரும் வரை அதனைக் காக்கும். கள்ளு காத்திராது, ஓரிரு நாளிற் புளித்து வினாகிரியின் வழி செல்லத் தொடங்கும். பனங்கள்ளுக்கான வடிசாலை வடமராட்சியில், பனைகளின் நடுவே, திக்கத்தில் அமைந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஆயினும், பாகு மலிவானது என்ற கணக்கு முழுமையானதன்று. கரும்புக்குப் பாய்ச்சிய நீரும், அது பிடித்துக்கொண்ட நிலமும் சீனியின் பேரில் எழுதப்படுகின்றன. பாகு அக்கடனின்றி வடிசாலைக்கு வருகிறது. 1975 இல் எண்ணெய் விலையேற்றத்துக்கு அஞ்சிக் கரும்பு மதுசாரத்தை மோட்டார் எரிபொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிரேசிலில், பின்னர் கரும்புச்சாறே நேராக நொதிக்கவிடப்பட்டது. அங்கே நிலமும் நீரும் மதுசாரத்தின் கணக்கிலேயே ஏறின. பனைக்கு நீர் பாய்ச்சுவார் இலர். அதன் செலவு பெரும்பாலும் ஒரு மனிதரின் கூலி. மறைக்க வேறொன்றும் இல்லாமையால் அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

மாலையில் அவர் மீண்டும் ஏறுவார். எத்தனை முட்டிகளுக்குச் சுண்ணாம்பு தடவுவது என்பதைப் பனங்கட்டியின் விலையும் கள்ளின் விலையும் தீர்மானிக்கும்.