பட்டியலில் சேர்த்ததால் வந்த வினை

ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களில் மெஷின் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். எங்களைப் போல மென்பொருள் எழுதப் போகிற சிலரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. தொழிற்சாலைக்குள் லாரியை எடைபோடும் வே பிரிட்ஜ், பார்கோடு, கேட் பாஸ் என்று எங்கே திரும்பினாலும் யாரோ எழுதிய நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிரலையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ள நாங்கள் நம்பியிருப்பது கிட் என்ற கருவியை. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும். போன மாதம் அழித்த வரியைக் கேட்டால் இன்றைக்கு எடுத்துத் தரும்.

அப்படிப்பட்ட காவலாளி சில கோப்புகளைக் கூசாமல் கைவிட்டுவிடும் என்பது பலருக்கு இழந்த பிறகுதான் தெரிகிறது.

கிட்இக்னோர் என்று ஒரு கோப்பு உண்டு. எதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம் என்று அதில் எழுதி வைக்கிறோம். நிரலைத் தொகுக்கும்போது உதிர்கிற இடைக்கோப்புகள், லாக் கோப்புகள், தற்காலிகக் கழிவுகள் எல்லாம் அதில் போகும். இவை போனால் கவலையில்லை, மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதே பட்டியலில்தான் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் என்வ் கோப்பும், அந்தந்தக் கணினிக்கென்று ஆள் உட்கார்ந்து சரிசெய்த அமைப்புகளும் போகின்றன. அடுத்தவர் கண்ணில் படக் கூடாது, அல்லது அடுத்தவர் கணினிக்கு ஒத்துவராது என்பதால்தான் இவை பதிவுக்கு வெளியே நிற்கின்றன. வீட்டு நகையைத் திண்ணையில் பரப்பி வைக்காததால் அது குப்பையாகிவிடுமா? கிட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பட்டியலில் இருந்தால் அழிக்கலாம் என்பதுதான் அதன் சட்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் நடந்தது இது. வே பிரிட்ஜ் கணினியில் போர்ட் எண், பிரிண்டர் அளவு, வழக்கமாக வருகிற லாரிகளின் காலி எடை எல்லாம் இக்னோர் பட்டியலில் சேர்த்திருந்த ஒரே கோப்பில் இருந்தன. அங்கேயே பல வருடமாக இருக்கிற ஆபரேட்டர் ஒவ்வொரு வண்டியாக ஏற்றிச் சேர்த்த கணக்கு. புதிதாகச் சேர்ந்த பையன் நிரலைச் சுத்தமாகத் தொகுக்க நினைத்து, கிட் கிளீன் என்ற கட்டளையை எஃப், டி, எக்ஸ் என்ற மூன்று எழுத்துகளோடு தட்டினான். எஃப் என்றால் கட்டாயமாகச் செய், டி என்றால் கோப்புறைகளையும் எடு, எக்ஸ் என்றால் கண்டுகொள்ள வேண்டாம் என்றவற்றையும் சேர்த்து அழி. ஒரு நொடியில் கதை முடிந்தது. “கிட்ல இருக்கும்னுதான்ணா நெனச்சேன்” என்றான். அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இணையத்தில் பார்த்த கட்டளையில் அந்த மூன்று எழுத்தும் சேர்ந்தேதான் இருந்தன. ஆபரேட்டர் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி முதல் லாரியிலிருந்து ஆரம்பித்தார்.

இதிலாவது அழி என்று மனிதர் ஒருவர் சொல்கிறார். இன்னொரு வழியில் யாரும் சொல்லாமலே போய்விடும். ஒரே நிரலைத் தனித்தனிக் கிளைகளாக வைத்து வேலை செய்யலாம்; பிராஞ்ச் என்பார்கள். நம் பிராஞ்சில் ஒரு கோப்பு இக்னோர் பட்டியலில் இருக்கிறது; வேறொரு பிராஞ்சில் யாரோ அதே பெயரில் ஒரு கோப்பைக் கமிட் செய்து, அதாவது கிட்டில் பதிந்துவிட்டார்கள். நாம் அந்தப் பிராஞ்சுக்கு மாறினால் நம்முடைய கோப்பின் மேல் அவர்களுடையது சத்தமில்லாமல் ஏறிவிடும். திரும்பி நம் பிராஞ்சுக்கு வந்தால் அதுவும் இருக்காது. பட்டியலில் சேர்க்காத, கிட்டுக்கே அறிமுகமில்லாத கோப்பாக அது இருந்திருந்தால், இதன் மேல் எழுத வேண்டியிருக்கிறது, முடியாது என்று கிட் நின்றிருக்கும். முன்பின் தெரியாத கோப்புக்குக் கிடைக்கிற மரியாதை, நாம் பெயர் சொல்லி எழுதிக்கொடுத்த கோப்புக்கு இல்லை! இந்தக் கருவியில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

எங்கள் பக்கத்திலேயே இதை நினைக்க வைக்கிற இடம் இருக்கிறது. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் ஆதி மனிதனின் கற்கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. அத்தனை காலமும் அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அகற்றத் தக்கவை என்று யாரும் பட்டியல் போடவும் இல்லை. பட்டியல் போட்டிருந்தால் ஏதாவது ஒரு சாலை வேலைக்கு ஜல்லியாகிப் போயிருக்கும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பராமரிக்கத்தான். அந்தக் கெர்னலைத் தொகுக்க கான்ஃபிக் என்ற கோப்பு வேண்டும். தன் கணினிக்கு எது தேவை, எது வேண்டாம் என்று மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அதில் இருக்கும். அதுவும் இக்னோர் பட்டியலில்தான். கிட் எந்த வீட்டுக்காகப் பிறந்ததோ, அந்த வீட்டிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது.

கிட்டை உருவாக்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பதியவும் கூடாது, அழிக்கவும் கூடாது என்று மூன்றாவது வகை வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ‘பிரெஷியஸ்’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பட்டியலில் அந்த வரிக்கு முன்னால் டாலர் குறி போடலாம் என்பது ஒரு யோசனை. பழைய கிட்டுக்கு அந்தக் குறி புரியாது. டாலரில் தொடங்கும் ஏதோ ஒரு பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது பாஸ்வேர்டு கோப்பு பட்டியலை விட்டு வெளியே வந்து, தவறிப்போய்க் கமிட்டாகவும் வழி உண்டு. இக்னோர் என்றாலே அழிக்காதே என்று மாற்றிவிடலாமே என்றால், இடைக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் கிட் வழிமறித்து நிற்கும். அதை யார் பொறுப்பார்கள்?

அதுவரை கைவைத்தியம்தான். கிளீன் கட்டளையை முதலில் அதே எழுத்துகளோடு என் என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டிப் பார்த்தால், எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று காட்டிவிட்டு எதையும் தொடாமல் விடும். எக்ஸ் போடாவிட்டால் பட்டியலில் இருப்பவை தப்பும். என் கட்சி என்னவென்றால், அருமையான கோப்பைக் கிட் பார்த்துக்கொள்கிற கோப்புறைக்குள், அதாவது ரெப்போவுக்குள், வைக்கவே வேண்டாம். வெளியே ஒரு கோப்புறையில் வைத்து, உள்ளே அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் மட்டும் விட்டால் போதும். கிளீன் செய்தால் லிங்க்தான் போகும், கோப்பு போகாது. அந்த வெளிக் கோப்புறையை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்க வேண்டியது உங்கள் பாடு.

இன்று கணினியை மூடுவதற்கு முன் உங்கள் ரெப்போவில் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையை இக்னோர்டு என்ற தெரிவோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வருகிற பட்டியலில் எது போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்குமோ, அதை இப்போதே எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.