அடிமுறைக் களரியில் எதிர்க்கும் கை

கன்னியாகுமரி மாவட்டத்துக் களரிகளில் பயிலப்படும் அடிமுறை, 1956 வரை மலையாள நாட்டோடு ஒரே ஆட்சியில் இருந்த அப்பகுதிக்கும் தென் கேரளத்துக்கும் பொதுவான தற்காப்புக் கலையாகும். தென் கேரளத்தில் அது தெக்கன் களரி எனப்படுகிறது. காலடி வைப்பு முறையாகிய சுவடு, எதிராளியின் மூட்டை மடக்கிச் சிக்கவைக்கும் பூட்டு, பிடியிலிருந்து விடுபடும் பிரிவு ஆகியன இதன் அடிப்படைப் பாடங்கள். இவற்றைப் பிசகின்றிச் செய்துகாட்டும் மாணவர் தெருவில் மறிக்கப்பட்டாலும் தப்பிவிடுவார் என்ற நம்பிக்கை, நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள களரியொன்றின் மாலைப் பயிற்சியைக் கண்டபின் நிலைப்பது கடினம்.

செம்மண் தரையில் இளைஞர் இருவர் மணிக்கட்டுப் பிரிவைப் பயின்றுகொண்டிருக்க, கை எந்தப் பக்கம் திருகப்படும் என்பதை முன்பே அறிந்திருந்த பிடித்தவரின் விரல்கள், திருகல் தொடங்குமுன்னரே தளர்ந்துவிட்டன. "விட்டுக் குடுக்காத மக்கா, அவன் எடுக்கட்டும்" என்று ஆசான் அதட்டியதும் பிடி இறுகியது, திருகல் பலிக்கவில்லை. பிடிபட்டவர் தம் கையையே பார்த்து இழுத்துக்கொண்டிருந்தபோது, பிடித்தவரின் மறுகை அவர் கன்னத்தைத் தட்டியது. ஆசான் திருத்தியதோ காலை: அரைச் சுவடு சாய்வாக உள்ளே ஏறி, முழங்கையை எதிராளியின் முன்கைக்கு மேல் கொண்டுவந்து, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலான திறப்பின் வழியே உடல் எடையோடு கையை உருவவேண்டும் என்பதை அவர் பலமுறை செய்வித்தார். ஒத்துழைக்கும் கையிடம் இந்தப் பாடம் ஒருநாளும் கிடைக்காது.

சுண்ணாம்பு தடவிய மரக்கத்தியோடு நடந்த பயிற்சி இன்னும் இரக்கமற்றது. தாக்குபவர் ஒரே குத்தோடு நிற்காமல் கத்தியை இழுத்து மீண்டும் மீண்டும் குத்தியதால், தேர்ந்த மாணவரின் முன்கையிலும் வயிற்றிலும்கூட வெள்ளைக் கீறல்கள் விழுந்தன. ஆகவே, தோளில் கிடக்கும் துவர்த்தை (துண்டை) எதிராளியின் முகத்தில் வீசிவிட்டு ஓடுவதே முதற்பாடமாகவும், கத்திக்கையைப் பூட்டுவது வழியற்ற நிலைக்குரிய கடைசிப் பாடமாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. திரைப்படச் சண்டைகளில் ஊறிய மாணவர்களுக்கு இவ்வரிசை கசப்பதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது போன்ற அங்கீகாரங்கள் இம்மண்ணின் கலைகளுக்கு வேண்டியவையே; எனினும் தனிநபர் வீச்சின் அழகுக்கு அளிக்கப்படும் புள்ளிகள் எதிராளியின் எதிர்ப்பை அளப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வழங்கினாலும், பாதுகாப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு விளைவிப்பதை அனுமதிப்பதில்லை. களரியிலும் பிடி விலகியபின் கூடுதலாக ஓர் அடி கொடுக்கும் மாணவர் உடனே நிறுத்தப்பட்டு, மறுபடி பிடிபட்டு, இம்முறை கூவிக்கொண்டே வாசல்வரை ஓடுமாறு செய்யப்படுகிறார்.