பாதித் தீவில் வாழும் மக்கள்

கரீபியன் கடலில், அன்ரிகுவாத் தீவுக்குத் தென்மேற்கே மொன்செராட் என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. நீளம் 16 கிலோமீற்றர், அகலம் 11 கிலோமீற்றர். பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம் அது. அன்ரிகுவாவில் சிறிய விமானத்தில் ஏறினால் இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் இறங்கியதும் கடவுச்சீட்டில் பச்சை நிறத்தில் மூவிலைச் சின்னம் ஒன்றைக் குத்தித் தந்தார்கள். அது அயர்லாந்தின் சின்னம். கரீபியன் தீவொன்றுக்கு அயர்லாந்துடன் என்ன உறவு?

1493 இல் இவ்வழியே சென்ற கொலம்பஸ், ஸ்பெயினிலுள்ள ஒரு மடாலயத்தின் பெயரை இத்தீவுக்கு வைத்தார். 1632 இல் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் இங்கு குடியேறினர். பின்னர் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆபிரிக்காவிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1768 மார்ச் 17, அயர்லாந்துக்காரரின் புனித பற்றிக் திருநாள். எசமானர்கள் விருந்தில் மூழ்கியிருக்கும் அன்று கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டனர். இரகசியம் வெளிப்பட்டு, தலைமை தாங்கியவர்கள் தூக்கிலிடப்பட்டனர். இன்று அதே நாள்தான் தீவின் பொது விடுமுறை. கொண்டாட்டமும் நினைவுகூரலும் ஒரே நாளில் நடக்கின்றன.

1834 இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்குப் பின் தேசிக்காய், அதன்பின் பருத்தி என்று பயிர்கள் மாறின. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலர் தொழில் தேடிப் பிரித்தானியாவுக்குப் போயினர். அவர்கள் அனுப்பிய காசில் இங்கு பல வீடுகள் எழும்பின. 1989 செப்டெம்பரில் ஹியூகோ என்ற சூறாவளி வந்து பத்தில் ஒன்பது கட்டடங்களைச் சேதப்படுத்தியது. மக்கள் மீண்டும் கட்டினர்.

கட்டி ஆறு வருடம்கூட ஆகவில்லை. ஐரோப்பியர் வந்த காலம் முதல் உறங்கிக் கிடந்த சூஃபிரியர் மலை 1995 ஜூலை 18 ஆம் திகதி விழித்தது. தலைநகரான பிளிமத், மலையடிவாரத்தில் கடலோரமாக இருந்தது. நகர மக்கள் இரண்டு தடவை வெளியேறித் திரும்பி வந்தனர். 1996 ஏப்ரலில் மூன்றாவது தடவை வெளியேறியவர்கள் பின்னர் திரும்பவேயில்லை.

வடக்கே பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் தங்கவைக்கப்பட்டார்கள். பிரேட்ஸில் கீரையும் கிழங்கும் விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவுடன் பேசினேன். பாடசாலை மண்டபத்தில், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு நெடுங்காலம் இருந்ததாகச் சொன்னார். உடுப்பு மாற்றுவதும் குழந்தைக்குப் பால் கொடுப்பதும்தான் பெரும் பாடாக இருந்ததாம். இதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசிக்கும் உங்களுக்கும் வேண்டியிராது.

தங்க இடம் கிடைத்தது; உழ நிலம் கிடைக்கவில்லை. நல்ல மண் எல்லாம் தெற்கிலும் கிழக்கிலும் மலைச்சரிவில் இருந்தது. வடக்கு வறண்ட பூமி. எனவே தடை செய்யப்பட்ட பகுதி என்று தெரிந்தும், சிலர் தோட்டத்தையும் ஆடுமாடுகளையும் பார்க்கப் போய்வந்தார்கள். 1997 ஜூன் 25 ஆம் திகதி எரிமலையிலிருந்து கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கல்லும் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. 19 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அப்படி விளைச்சலுக்காகப் போனவர்கள். ஓகஸ்ட் மாதம் பிளிமத் எரிந்து சாம்பலில் புதைந்தது.

உதவி கூடுதலாகக் கேட்டபோது, இவர்கள் அடுத்ததாகப் பொன் யானை கேட்பார்கள் என்று பிரித்தானிய அமைச்சர் கிளெயர் ஷோர்ட் சொன்னார். அந்த வார்த்தையைத் தீவு இன்னும் மறக்கவில்லை. அமெரிக்கா சிலருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு வழங்கியது. 2005 இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. சொன்ன காரணம் விசித்திரமானது: எரிமலை நெடுங்காலம் ஓயாது, ஆகவே இது தற்காலிகத் துன்பம் அல்லவாம்!

எரிமலைக்கு முன் சுமார் 11,000 பேர் வாழ்ந்த தீவில் இன்று ஐயாயிரம் பேரும் இல்லை. 2002 இல் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. அது ஒரு கதவைத் திறந்தது. இளம் பிள்ளைகள் அந்தக் கதவால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எஞ்சியவர்கள் வடக்கில் புதிய ஊரைக் கட்டியிருக்கிறார்கள். அரச அலுவலகங்கள் பிரேட்ஸில் இருக்கின்றன. இடம்பெயர்ந்தோருக்காக லுக்அவுட் என்ற குடியிருப்பு எழுந்தது. பழைய விமான நிலையம் அழிந்ததால் 2005 இல் வேறொன்று திறக்கப்பட்டது. வரவுசெலவில் பெரும்பகுதி பிரித்தானிய உதவிதான். சொந்த வருமானம் என்று சொல்ல உல்லாசப் பயணிகளும், எரிமலை கொட்டிய மணலும் உண்டு. ஊரை மூடிய மண்ணையே அள்ளி, கட்டட வேலைக்கு அயல் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். விழா நாட்களில் கராம்பு மணக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பைப் பாணுடன் தருகிறார்கள். பெயர் என்னவோ "கோட் வோட்டர்", அதாவது ஆட்டுத் தண்ணீர். உறைப்பு மட்டும் நமக்குக் கொஞ்சம் போதாது.

கரிபால்டிக் குன்றில் ஏறி நின்றால் பிளிமத் தெரியும். கீழ்மாடிகள் மண்ணுக்குள், மேல்மாடி யன்னல்கள் மட்டும் வெளியே. 2010 பெப்ரவரிக்குப் பின் பெரிய வெடிப்பு இல்லை என்றாலும் மலை இன்னும் புகைகிறது. விஞ்ஞானிகள் இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். தெற்குப் பகுதிக்குள் அனுமதியின்றிப் போக முடியாது. ஆனாலும் சட்டப்படி இன்றும் பிளிமத்தான் தலைநகரம்.

சந்தையில் கண்ட அந்த அம்மாவின் தங்கை இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இவர் ஏன் போகவில்லை என்று கேட்டேன். வடக்கில் சிறு துண்டு நிலம் கிடைத்ததாம், அதில் கிழங்கு முளைத்த பிறகு போக மனம் வரவில்லையாம். அந்தத் துண்டு நிலம் முதல் வருடமே எல்லோருக்கும் கிடைத்திருந்தால், அந்த ஜூன் மாதம் மலைச்சரிவில் அத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள். கூரை கொடுத்ததோடு நிவாரணம் முடிந்துவிடுவதில்லை. தொழில் செய்ய ஒரு பிடி மண்ணும் வேண்டும் என்று கேட்பது பொன் யானை கேட்பதாகாது.