பயோடேட்டாவில் விட்டுப்போன மண்டிக் கணக்கு



போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பி.காம் முடித்தவன். பல கம்பெனிகளுக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை என்று பயோடேட்டாவை நீட்டினான். மூன்று பக்கம். அப்பா பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு, எங்கிருந்தோ பார்த்து எழுதிய ஒரு லட்சியப் பத்தி, கடைசியில் உறுதிமொழி. அவன் என்ன செய்வான் என்பது மட்டும் இல்லை.

"காலேஜ் விட்டு சாயங்காலம் எங்கப்பா போவ?"

"நம்ம சின்னமனூர் வாழைக்காய் மண்டியில கணக்கு எழுதுனேன் டீச்சர். அதையெல்லாம் போயி எழுதுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. விடுப்பு விண்ணப்பத்தில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்', 'கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். செய்த வேலையைச் சொல்ல ஒருநாளும் கற்றுத்தரவில்லை.

1482 வாக்கில் லியோனார்டோ டாவின்சி மிலான் ஆட்சியாளரிடம் வேலை கேட்டு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பாலம், பீரங்கி என்று போருக்கு உதவும் திறமைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் சொல்வார். வேலை தருபவருக்கு எது தேவையோ அது முதலில்.

அப்படியே நாங்களும் மாற்றினோம். 'மூன்று ஆண்டுகள் வாழைக்காய் மண்டியில் தினமும் சுமார் 40 விவசாயிகளின் எடை, பட்டுவாடா கணக்கு எழுதினேன். அன்றிரவே ரொக்க இருப்பைச் சரிபார்த்தேன். எக்செல் தெரியும்' என்பது மேலே வந்தது. பிறகு படிப்பு. சாதி, மதம் தனியார் கம்பெனிக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். அரசு வேலைக்கு அவர்கள் படிவத்திலேயே கேட்பார்கள். விளையாட்டாக வைத்திருந்த மின்னஞ்சல் முகவரியையும் சொந்தப் பெயருக்கு மாற்றினான். மொத்தம் ஒரே பக்கம். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்தான். அதற்குக் கட்டணம் இல்லை. நேற்று தேனியில் ஒரு நேர்காணல். வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் போனில், "மண்டியைப் பத்தித்தான் டீச்சர் பத்து நிமிஷம் கேட்டாங்க" என்றான். அந்தக் குரலில் பழைய கூச்சம் இல்லை.

தறி, தையல், திராட்சைத் தோட்டம், மளிகைக் கடை, எதில் கைவேலை செய்திருந்தாலும் எழுதுங்கள், பிள்ளைகளே. எழுதத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள். சிவப்புப் பேனா இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்