எடுப்பும் காலப்பிரமாணமும்

2011ஆம் ஆண்டு சித்திரை மாதம், செய்யாற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் திரௌபதி அம்மன் விழாவில் 'கர்ணமோட்சம்' கூத்தினை ஒலிப்பதிவு செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தமிழிலக்கியம் பயின்றவனுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்ததுண்டு. அக்குழுவின் வாத்தியாருக்கு அப்போது எழுபதைக் கடந்த வயது. அவர் குரல் ஏட்டில் ஏறாது. நாடாவிலோ வட்டிலோதான் ஏறும். அதுவே என் பதில்.

நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய எட்டுத் தட டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. கணினியின் துணையின்றித் தனித்தியங்கும் பெட்டி அது. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டு, ஆடுகளம் என மைக்குகளைப் பகிர்ந்தளித்ததில் எட்டுத் தடங்களும் தீர்ந்துவிட்டன. வாத்தியாரின் குரலுக்கு இடமில்லை. எனவே அவருக்கான இரண்டு மைக்குகளை என் மடிக்கணினியோடு இணைத்து, ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவது என்று முடிவு செய்தேன். இரு பொறிகளும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

இதற்கு வழியுண்டு. 1983இல் உருவான மிடி என்னும் பொதுமொழியின் வழியே, ஐந்து முனைக் கேபிள் ஒன்றினால், பெட்டி தன் நேரத்தைக் கணினிக்குச் சொல்லும். இதனை மிடி டைம் கோடு என்பர். மணி, நிமிடம், நொடி, நொடிக்குள் பிரேம் என்ற வரிசையில் அந்த நேரம் செல்லும். நொடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொண்டால், பிரேமுக்கு நான்காக நொடிக்கு 100 சிறு செய்திகள். எட்டுச் செய்திகள் சேர்ந்தால்தான் ஒரு முழு நேரம் புலப்படும். பெட்டியைத் தலைவனாகவும் மென்பொருளைப் பின்தொடர்பவனாகவும் அமைத்தேன். பெட்டியில் பொத்தானை அழுத்தியதும் கணினித் திரையிலும் எண்கள் ஓடின. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. மூன்று மணி நேரம் நிம்மதியாகக் கூத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாத் தடங்களையும் கணினிக்கு மாற்றி ஒன்றாக ஓடவிட்டேன். தொடக்கம் அருமை. அரைமணி கடந்த பின், மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்டது. வாத்தியாரின் மைக்கிலும் மிருதங்க ஒலி விழுந்திருக்கும் அல்லவா, அது பிந்தி வந்தது. மைக்குகளுக்கிடையே இருந்த தொலைவுதான் காரணம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் தொலைவினால் வரும் தாமதம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதுவோ வளர்ந்துகொண்டே போயிற்று. கர்ணன் வீழும் இடத்தில் குரல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நொடி பின்தங்கியிருந்தது.

இதற்குப் பிறகுதான் கையேடுகளைப் பொறுமையாகப் படித்தேன். ஒலியை எண்ணாக மாற்றும் ஒவ்வொரு கருவியிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் இரு படிகங்கள் முற்றிலும் ஒன்றாகத் துடிப்பதில்லை. என் இரு பொறிகளுக்கும் இடையிலான வேறுபாடு இலட்சத்துக்கு மூன்று. நொடிக்கு ஒரு மாதிரியைச் சற்றே தாண்டும் பிழை. காதுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்று மணி என்பது 10,800 நொடிகள். பெருக்கிப் பாருங்கள்.

அப்படியானால் டைம் கோடு என்ன செய்தது? எங்கே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மென்பொருளுக்குச் சொன்னது. தொடங்கியபின் மென்பொருள் தன் படிகத்தை நம்பியே ஓடியது. வேகம் ஒன்றாயிருக்க, பெட்டியின் டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து கணினியின் ஒலியிடைமுகத்துக்கு இன்னொரு கேபிள் போட்டு, வெளிக்கடிகாரத்தைப் பின்பற்றும்படி அதைப் பணித்திருக்க வேண்டும். அதற்கான சாக்கெட் இரண்டிலும் இருந்தது. நான்தான் போடவில்லை.

வெட்கத்தோடு வாத்தியாரிடம் போய்ப் போட்டுக் காட்டினேன். எனக்கு அரைமணிக்குப் பின் கேட்ட பிழை அவருக்குப் பத்தாம் நிமிடத்திலேயே கேட்டுவிட்டது. அங்கே வேறுபாடு 18 மில்லிநொடிதான்.

"எடுக்கும்போது சேர்ந்துதான் எடுக்கிறாங்க சார். போகப்போக ஆளுக்கொரு காலத்துல போறாங்க" என்றார்.

எடுப்பு வேறு, காலப்பிரமாணம் வேறு. பாடல் தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது முன்னது. தொடங்கிய வேகம் கடைசிவரை குலையாமல் நிற்பது பின்னது. கையேடுகள் பல பக்கங்களில் விளக்கியதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

திருத்த வழியிருந்தது. தொடக்கத்தில் ஓரடியையும் இறுதியில் ஓரடியையும் அடையாளமாகக் கொண்டு, இடையிலுள்ள நீளத்தை விகிதப்படி மாற்றலாம். அத்தனை சிறிய மாற்றத்தில் சுருதி பிறழ்வது எந்தச் செவிக்கும் எட்டாது. ஆனால் எதை மாற்றுவது? எட்டுத் தடங்களை நீட்டி வாத்தியாரின் குரலைத் தொடாமல் விடவே எனக்கு விருப்பம். அவர் ஒப்பவில்லை.

"கூத்துல எல்லாரும் தாளத்துக்குத்தான் வரணும். தாளக்காரன்தான் நடத்துறவன், நான் என்ன பெரிய ஆளா? என் குரலைச் சுருக்கிச் சேருங்க."

அந்தக் குழுவில் தாளக்காரருக்குத்தான் கூலி குறைவு. அதை நானும் அறிவேன், அவரும் அறிவார்.

அவர் சொன்னபடியே செய்தேன். சேர்த்த பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் வரவழைத்தார். 2013இல் அவர் மறைந்தார். இன்று களப்பணிக்குச் செல்லும் மாணவர்களிடம் இரண்டு கேபிள்களையும் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை மறந்தால் திரும்பி வரச் சொல்கிறேன்.

திருத்திய பதிவுதான் வகுப்பில் ஒலிக்கிறது. திருத்தாத குரல் தடங்களையும் அழிக்காமல் தனியே வைத்திருக்கிறேன். அவர் பாடிய மூன்று மணி நேரத்திலிருந்து மூன்றிலொரு பங்கு நொடியை என் கையால் எடுத்திருக்கிறேன். அவரே சொல்லித்தான் எடுத்தேன். இருந்தாலும், அது எங்கேயாவது இருக்க வேண்டும்.