ஒரு பிடி தாய்மண்

உழவர்கரை என்னும் பெயரில் உழவர் இருக்கிறார். ஊரில்தான் அவரை இன்று தேட வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் தனிக் கொம்யூனாக விளங்கிய இவ்வூர், இப்போது புதுவை நகரோடு ஒட்டி வீடுகளால் நிறைந்துவிட்டது. எஞ்சிய கொல்லைகளுள் எங்களுடையதும் ஒன்று.

அங்கே முதிர்ந்த எலுமிச்சை மரமொன்று நின்றது. புதுக்கன்று நடும்போதெல்லாம் என் உம்மா அம்மரத்தடி மண்ணை, சல்லி வேர்களோடு ஒரு பிடி எடுத்துவந்து குழியில் இடுவார். "தாய்மண் இருந்தால் பிள்ளை ஏங்காது வாப்பா" என்பார். படித்தவன் என்னும் செருக்கில் நான் நகைப்பேன்.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதற்கு முன்பே நாங்கள் ஆளுக்கொரு எலுமிச்சங்கன்று நட்டிருந்தோம். நான் நட்டதற்குச் சூப்பர் பாஸ்பேட்டைத் தாராளமாக அள்ளியிட்டேன். உம்மா நட்டதற்கு வழக்கமான ஒரு பிடி மண். அடுத்த கோடையில் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றினோம். உம்மாவின் கன்று தழைத்தது, என்னுடையது கருகிற்று. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இரு கன்றுகளை வைத்து ஒரு முடிவுக்கு வருதல் முறையன்று. எனினும் அந்த வெட்கமே என்னை நூல்களைத் தேட வைத்தது. ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல், வேரும் பூசணமும் கூடி வாழும் இவ்வுறவுக்குப் பெயர் சூட்டினார். நிலத்தாவரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இத்துணை உண்டு. ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழமையுடைய தாவரப் படிவங்களிலும் இதன் சுவடு தெரிகிறது.

வேர்த்தூவியினும் மெல்லிய பூசண இழைகள், வேர் எட்டாத தொலைவுக்கும், அது நுழைய முடியாத மண் இடுக்குகளுக்கும் சென்று, மணிச்சத்தையும் ஈரத்தையும் கொணர்ந்து தருகின்றன. எங்கள் பகுதியின் செம்மண்ணில் இரும்பு மணிச்சத்தைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் இவ்வுதவி இங்கே பெரிது. கைம்மாறாகச் செடி, இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அளிக்கிறது. ஆனால் மணிச்சத்து உரம் மிகுந்துவிட்டால் செடி இத்தோழமையை நாடுவதில்லை, உறவு நலிகிறது. நான் அள்ளியிட்ட உரம் செய்ததும் இதுவாகவே இருக்கக்கூடும்!

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை 'வேம்' என்னும் வேர் உட்பூசண உரமாகத் தருகிறது. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், பையில் வளரும் கன்றுக்கு 5 முதல் 10 கிராம், விதைக்குச் சற்றுக் கீழே இடவேண்டும். கடுகு, முட்டைக்கோசு இனங்களுக்கு இதனால் பயனில்லை. மரத்தடி மண்ணை எடுப்போர் நோயுற்ற மரத்தைத் தவிர்க்க வேண்டும். நூற்புழுவும் கூடவே வந்துவிடும்.

உம்மா இறையடி சேர்ந்தபின் கொல்லை பாகம் பிரிந்தது. தாய்மரம் நின்ற இடத்தில் இன்று சிமெண்டுத் தளம். மரம் போனதைக் கண்டோம். அதன் அடியில் தலைமுறைகளாய்ப் படர்ந்திருந்த உறவு போனதை ஒருவரும் கண்டோமில்லை.

உம்மா நட்ட கன்று என் பாகத்தில் மரமாகிக் காய்க்கிறது. சென்ற மழைக்காலத்தில் என் தங்கை வீட்டுக்கு ஒரு கன்று கொண்டுபோனேன். மற்றொரு கையில் சிறு பொட்டலம் இருந்தது.

"இது என்ன, காக்கா?" என்றாள்.

"உம்மாவின் மண்" என்றேன்.