முதல்ல புகை, அப்புறம் பர்ஸ்

மார்கழி மாசம், காலைல ஆறு மணி. திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி ஓனர் தன்னோட பழைய டீசல் அம்பாசடரோட மல்லுக்கட்டிட்டு இருக்கார். செல்ஃப் நல்லா சுத்துது, வண்டிதான் ஸ்டார்ட் ஆகல. பக்கத்துல நிக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க... "பேட்டரி போச்சு", "பம்பைக் கழட்டணும்". பம்ப் வேலைன்னா சனிக்கிழமை சம்பளத்துல கை வைக்கணும்!

மெக்கானிக் வந்தார். "செல்ஃப் அடிங்ணா, நான் சைலன்சரைப் பாக்கறேன்."

புகையே வரலேன்னா டீசல் போகல: ஃபில்டர் அடைப்பு, இல்லாட்டி லைன்ல ஏர். வெள்ளைப் புகைன்னா டீசல் போகுது, எரியல. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாதே! அழுத்தின காத்தோட சூட்டுலதான் பத்தணும். குளிர்ல அதுக்குத் துணை ஹீட்டர் பிளக். செல்ஃபே மெதுவா சுத்தினாத்தான் பேட்டரி, எர்த் வயர் மேல முதல் சந்தேகம்.

வந்தது வெள்ளைப் புகை. நாலு ஹீட்டர் பிளக்லயும் வயரைக் கழட்டி, பேட்டரி பிளஸ்ல இருந்து டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்த்தார். ரெண்டுல எரியல. அதை மாத்தினதும் வண்டி உறுமிச்சு. (பிளக் எல்லாம் சரியா இருந்திருந்தா அடுத்து கம்ப்ரஷன்.)

அம்பாசடர் தயாரிப்பு 2014லயே நின்னு போச்சு. இன்னும் ஓட்டறவங்களே, முதல்ல புகையைப் பாருங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க!